'டிக்' என்று மட்டும் சொன்ன ரைஃபிள்: கையால் அடைத்த தோட்டாவில் மிஸ்ஃபயர் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலக்குச் சுடுதலுக்கான போல்ட் ரைஃபிளில், தானே அடைத்த தோட்டாவைப் போட்டுச் சுடுபவர்களுக்காக எழுதியது இது. தோட்டா என்றால் முழுச் சாமான். கேஸ் என்றால் பித்தளைக் கூடு. குண்டு என்றால் முனையில் இருந்து பறப்பது மட்டும். பிரைமர் என்றால் கேஸின் அடியில் இருக்கும், அடித்தால் தீ கக்கும் சிறு மூடி. போல்ட் என்றால் தோட்டாவுக்குப் பின்னால் குழலைப் பூட்டும் துண்டு. மிஸ்ஃபயர் என்றால் அடித்தும் தோட்டா வெடிக்காமல் போவது. 'தௌ' என்பது ஓர் இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பட்டறையில் சொல்வது போலவே. வெடிமருந்தின் அளவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தைகூட இருக்காது. அதற்கு மருந்துத் தயாரிப்பாளரின் அட்டவணைதான் ஒரே வழி.

ட்ரிகரை அழுத்தினேன். 'டிக்' சத்தம் மட்டும் வந்தது. முதலில் என்ன செய்வது?

ஒன்றும் செய்யாதீர்கள். குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும், கை போல்ட்டுக்குப் போக வேண்டாம், மனதுக்குள் முப்பது வரை நிதானமாக எண்ணுங்கள். உங்கள் சுடுதளத்தில் அதைவிட நீண்ட காத்திருப்பு விதி இருந்தால் அதுதான் கணக்கு.

இந்தக் காத்திருப்பு ஹேங்ஃபயருக்காக. பிரைமர் பற்றிக்கொண்டு, மருந்து சோம்பலாகத் தீப்பிடித்து, தாமதமாக வெடிப்பதுதான் ஹேங்ஃபயர். பெரும்பாலும் அந்தத் தாமதம் ஒரு நொடிக்கும் குறைவுதான். ஆனால் போல்ட்டைத் திறந்து கேஸ் பாதி வெளியே வந்த நேரத்தில் அது நடந்தால், பித்தளையைச் சுற்றித் தாங்கிப் பிடிக்கச் சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) சுவர் இருக்காது. கூடு கிழிந்து முகத்துக்கு வரும். அதனால் காத்திருந்த பிறகும் போல்ட்டுக்கு நேர்ப் பின்னால் தலையை வைக்காமல், சற்று விலகி நின்று திறங்கள். வெளியே வந்த தோட்டாவைத் தனி டப்பாவில் போடுங்கள். மற்றவற்றோடு கலந்துவிட்டால் உங்கள் ஒரே சாட்சியும் தொலைந்தது.

'டிக்' இல்லை, 'பொப்' என்று ஒரு மெல்லிய சத்தம் வந்தது. அதுவும் மிஸ்ஃபயர்தானா?

இல்லை, அது வேறு, இன்னும் ஆபத்தானது. பிரைமர் வெடித்திருக்கிறது, மருந்து இல்லை, அல்லது பற்றவில்லை. குண்டைக் கேஸிலிருந்து பிடுங்கிக் குழலுக்குள் தள்ள மருந்தே வேண்டாம், பிரைமரின் வலு ஒன்றே போதும். உள்ளே குண்டு சிக்கியிருக்க அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். காத்திருப்பு முடிந்ததும் போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கத்திலிருந்து குழலைப் பாருங்கள். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரியவில்லையென்றால் அன்றைய சுடுதல் முடிந்தது.

கேஸுக்குள் மருந்து மஞ்சள் நிறத்தில் கட்டியாகத் திரண்டிருந்தால் பிரைமரின் தீ பட்டிருக்கிறது, பற்ற மட்டும் இல்லை. கேஸ் காலியாகச் சுத்தமாக இருந்தால்... மருந்து போட மறந்தவர் யார் என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். நானும் பார்த்திருக்கிறேன்.

வெடிக்காத தோட்டாவை இரண்டாம் முறை அடித்துப் பார்க்கலாமா?

எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். காத்திருந்துவிட்டு மீண்டும் அடித்தால் வெடிக்கவும் செய்யலாம். ஆனால் முதல் அடியின் தழும்புதான் உங்களிடம் இருக்கும் ஒரே தடயம். இரண்டாவது அடி அதன் மேல் விழுந்து அதை அழித்துவிடும். முதல் மூன்று நான்கு மிஸ்ஃபயர்களையாவது அடிக்காமல் வெளியே எடுத்துப் பாருங்கள்.

அப்படியும் அடித்துவிட்டீர்கள், இரண்டாவது அடியில் வெடித்தது என்றால், அதிலும் ஒரு செய்தி உண்டு: முதல் அடியின் பலம் பிரைமரைத் தீப்பற்ற வைப்பதில் செலவாகவில்லை, எதையோ நகர்த்துவதில் செலவாகியிருக்கிறது. நகர்ந்தது பிரைமரா, முழுக் கேஸா என்பதுதான் அடுத்த கேள்வி.

தழும்பைப் பார்த்து என்ன சொல்ல முடியும்?

நிறையச் சொல்லலாம். ஆனால் ஒரு தவறை எல்லோரும் செய்கிறார்கள்: வெடிக்காத பிரைமரின் தழும்பை, சரியாக வெடித்த கேஸின் தழும்போடு ஒப்பிடுகிறார்கள். வெடித்த பிரைமரில் உள்ளிருந்து வந்த அழுத்தம் கோப்பையைப் பின்னுக்குத் தள்ளி, ஃபயரிங் பின் (பிரைமரை அடிக்கும் ஊசி, இனி 'பின்') முனையைச் சுற்றி உலோகத்தை வார்த்துவிடுகிறது. அந்தத் தழும்பு அடியின் அளவு அல்ல. ஒப்பிட வேண்டியது மருந்தும் குண்டும் இல்லாமல், பிரைமர் மட்டும் வைத்த கேஸைச் சுடுதளத்தில் அடித்த தழும்போடு.

தழும்பு ஆழமாக, உருண்டையாக, நடுவில் இருந்தால் ரைஃபிள் தன் வேலையைச் செய்துவிட்டது. இனி பிரைமரையும் அடைத்த விதத்தையும் பாருங்கள். மேலோட்டமாக இருந்தால் மூன்று சந்தேகங்கள்: அடிக்குப் பலம் போதவில்லை, பிரைமர் அடிவரை உட்காரவில்லை, அல்லது கேஸ் முன்னால் ஓடிவிட்டது. தழும்பே இல்லையென்றால் போல்ட்டைக் கழற்றுங்கள். பின் உடைந்திருக்கலாம், சிக்கியிருக்கலாம். நடுவிலிருந்து சற்று விலகியிருப்பது பல ரைஃபிள்களில் இயல்பு, அதற்குப் பதற வேண்டாம். ஓரத்துக்கே போயிருந்தால் மட்டும் துப்பாக்கிப் பணியாளரிடம் காட்டுங்கள்.

பிரைமர் மட்டமானது என்பதுதானே எளிய விளக்கம்?

எளியதுதான், பெரும்பாலும் தவறானதும்கூட. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. எனக்குக் கிடைத்த பெட்டிகளில் உண்மையிலேயே செத்த பிரைமரை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். அப்படிக் குறை சொல்லி நான் ஒரு முழுப் பெட்டியை ஒதுக்கி வைத்த காலம் உண்டு. பிறகு வேறு ரைஃபிளில் அத்தனையும் வெடித்தன.

பிரைமருக்குள் இருப்பது மூன்றே பொருள்: மெல்லிய உலோகக் கோப்பை, அதற்குள் அழுத்திய வெடிகலவை (பெரும்பாலும் ஈய ஸ்டிஃப்னேட்டை அடிப்படையாகக் கொண்டது), அதற்கு மேல் மூன்று அல்லது இரண்டு கால் கொண்ட ஒரு குட்டிப் பட்டறைக்கல், அதாவது ஆன்வில். பின் கோப்பையை அடிக்கிறது; கலவை கோப்பைக்கும் ஆன்விலுக்கும் இடையே நசுங்குகிறது; நசுங்கும்போது பற்றுகிறது. கொல்லனின் பட்டறைக்கல் மெத்தை மேல் இருந்தால் இரும்பு வளையுமா? ஆன்வில் கால்கள் பாக்கெட்டின் (கேஸில் பிரைமர் உட்காரும் குழி) அடியில் உறுதியாக ஊன்றாவிட்டால் இங்கேயும் அதே நிலைதான்.

(ஒரு வேடிக்கை: ஆன்வில் தனியாக இருக்கும் இந்த வகைக்குப் பெயர் தந்த பாக்ஸர் ஆங்கிலேயர். ஆன்வில் கேஸிலேயே அமைந்த மற்ற வகைக்குப் பெயர் தந்த பெர்டான் அமெரிக்கர். அமெரிக்காவில் பாக்ஸர் வகை நிலைத்தது, ஐரோப்பாவில் பெர்டான் வகை நெடுங்காலம் ஓடியது. கையால் அடைப்பவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் பாக்ஸர் பக்கம்தான், கழற்றுவது சுலபம் என்பதால்.)

பிரைமர் எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும்?

கேஸின் அடிமட்டத்திலிருந்து 3 முதல் 5 தௌ உள்ளே. விரல் நுனியைத் தேய்த்தால் சிறு குழி உணர வேண்டும், மேடு உணரவே கூடாது. கேலிப்பரின் பின்கம்பியால் அளக்கலாம். கொஞ்சம் பழகினால் விரலே போதும்.

ஆனால் ஆழம் மட்டும் கணக்கல்ல. பாக்கெட் அடியில் கரி படிந்திருந்தால் ஆன்வில் கால்கள் கரியின் மேல் ஊன்றும். அளவு சரியாகத் தெரியும், முதல் அடி கரியை நசுக்கவே செலவாகும். ராணுவப் பித்தளையில் பிரைமரைச் சுற்றி அழுத்திய விளிம்பு முழுதாக நீங்காவிட்டால் பிரைமர் சாய்ந்து உட்காரும். மறுபக்கம், பாக்கெட்டைச் சீராக்கும் கருவியால் ஆர்வமாகச் சுரண்டிச் சுரண்டி ஆழத்தைக் கூட்டிவிட்டவர்களும் உண்டு. அங்கே பிரைமர் பின்னிடமிருந்தே விலகிப் போகிறது.

பிரைமரை அழுத்தும் நெம்புகோலின் கடைசி அசைவை உணரும்படி வையுங்கள். கால்கள் தரை தொட்டதும் ஒரு தடை தெரியும். அதற்குப் பிறகு இன்னும் சற்றே, 2 முதல் 4 தௌ வரை, அழுத்தினால் கலவை ஆன்வில்லோடு நெருங்கி நிற்கும். பிரஸ்ஸில் வைப்பதைவிடக் கைக்கருவியில் இந்த உணர்வு நன்றாகக் கிடைக்கும்.

கேஸ் முன்னால் ஓடுவது என்றால் என்ன? ஹெட்ஸ்பேஸ் புதிய ரைஃபிளில் சரியாகத்தானே இருக்கும்?

ஹெட்ஸ்பேஸ் என்பது போல்ட் முகத்துக்கும், சேம்பரில் கேஸ் முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம். ரைஃபிளில் அது சரியாக இருக்கும். கெடுப்பது நாம்தான், சுட்ட கேஸை மறுபடி அளவுக்கு அமுக்கும் சைஸிங் டையை வைத்து.

விளிம்பில்லாத கேஸ் சேம்பரில் தோள்பட்டையால், அதாவது கழுத்துக்குக் கீழே உள்ள சரிவால், நிற்கிறது. .308 வின்செஸ்டரை எடுத்துக்கொண்டால், கோ அளவி (இதில் போல்ட் மூட வேண்டும்) 1.630 இன்ச், நோ-கோ (இதில் மூடக் கூடாது) 1.634 இன்ச். நான்கு தௌ இடைவெளிக்குள்தான் எல்லாச் சண்டையும். டையை 'ஷெல்ஹோல்டரில் இடிக்கும் வரை திருகி, இன்னும் கால் சுற்று' என்ற பழைய குறிப்பின்படி இறக்கினால் (ஷெல்ஹோல்டர் என்பது பிரஸ்ஸில் கேஸைப் பிடிக்கும் துண்டு), பல ரைஃபிள்களில் தோள்பட்டை தேவையைவிட 5, 6 தௌ பின்னால் போய்விடும். இப்போது கேஸ் சேம்பருக்குள் தொளதொள. பின் அடிக்கும்போது கேஸ் முழுதாக முன்னால் சறுக்கும். நீட்டிய கையில் இருக்கும் காகிதத்தைக் குத்துவது போல, அடியின் பலம் பாதி காற்றில் போகும். போல்ட் முகத்தில் கேஸை வெளியே தள்ளும் ஸ்பிரிங் எஜெக்டர் இருந்தால் அது ஏற்கெனவே கேஸை முன்னால் தள்ளி வைத்திருக்கும்; அப்போது பின் எட்டிப் பிடிக்க வேண்டிய தூரமே கூடிவிடுகிறது.

அளந்து பாருங்கள். கேலிப்பரில் மாட்டும் தோள்பட்டை அளவி ஒன்று போதும். உங்கள் ரைஃபிளில் சுட்ட கேஸின் பழைய பிரைமரைக் கழற்றிவிட்டு அளவெடுங்கள் (பிரைமர் துருத்தியிருந்தால் கணக்குத் தப்பும்), பிறகு சைஸ் செய்து மறுபடி அளவெடுங்கள். போல்ட் ரைஃபிளுக்கு வித்தியாசம் 1 முதல் 2 தௌ இருந்தால் போதும். ஒரே முறை சுட்ட பித்தளை இன்னும் முழுதாக விரிந்திருக்காது. இரண்டு மூன்று முறை சுட்டதை வைத்து அளந்தால் நம்பலாம்.

ஹெட்ஸ்பேஸ் தொளதொளப்பு மிஸ்ஃபயரோடு நிற்பதில்லை. வெடிக்கும் தோட்டாக்களில் கேஸின் அடிப்பகுதிக்கு மேலே உள்ளே ஒரு பள்ளம் விழுந்து, நாலைந்து சுற்றில் கேஸ் இரண்டாகப் பிய்ந்து வரும். வளைத்த கம்பியைக் கேஸுக்குள் விட்டு உள்சுவரைத் தடவினால் பள்ளம் முன்கூட்டியே தட்டுப்படும். மிஸ்ஃபயர் இங்கே நல்ல நண்பன், சீக்கிரமே சொல்லிவிட்டது.

குண்டை ரைஃப்ளிங்கில் (குழலின் உள்ளே வெட்டிய சுழல் வரிகள்) முட்டும்படி வைத்தால் மிஸ்ஃபயர் நின்றுவிட்டது. அப்போது ஹெட்ஸ்பேஸ் சரிதானே?

மறைந்துவிட்டது, சரியாகவில்லை. குண்டு ரைஃப்ளிங்கில் ஊன்றிக் கேஸைப் போல்ட் முகத்தோடு பிடித்து வைக்கிறது. கேஸை வேறு வடிவத்துக்கு விரிக்கும் முதல் சுடுதலில் இதை வேண்டுமென்றே செய்வார்கள். அன்றாடத் தோட்டாவில் இது நோயை மூடும் போர்வை.

தொழிற்சாலைத் தோட்டா, கையால் அடைத்தது இரண்டும் அடிக்கடி டிக் என்கின்றன. இனி எதைப் பார்ப்பது?

போல்ட்டை. உங்கள் பித்தளைக்கு விடுமுறை கொடுங்கள்.

முதலில் போல்ட்டைப் பிரித்து உள்ளே இருக்கும் கிரீஸைப் பாருங்கள். கடையிலிருந்து வந்தபோது பூசிய பாதுகாப்பு எண்ணெய் பிசினாக இறுகியிருக்கலாம். நல்ல மனதோடு நாமே அப்பிய கிரீஸும் இருக்கலாம். குளிரில் அது தேன் மாதிரி ஆகிவிடும், பின் அதற்குள் நீந்திப் போக வேண்டும். பின், ஸ்பிரிங், போல்ட்டின் உள்துளை மூன்றையும் கரைப்பானால் கழுவி, துடைத்து, மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் விடுங்கள். கிரீஸ் வேண்டியது லக்குகளின் (போல்ட்டைப் பூட்டும் காதுகள்) பின்புறத்துக்கும், பின்னைப் பின்னுக்கு இழுக்கும் காக்கிங் சரிவுக்கும்தான். கேட்க அற்பமாக இருக்கும். நான் பார்த்ததில் பாதி 'மர்ம' மிஸ்ஃபயர்கள் இந்தக் கழுவலோடு முடிந்தன.

கழுவும்போது சின்னச் சின்ன வட்டத் தகடுகள் விழுகின்றனவா என்று பாருங்கள். எப்போதோ ஒரு பிரைமர் பின்னின் முனையால் துளைபட்டிருந்தால், வெட்டுப்பட்ட அந்தப் பொட்டு போல்ட்டுக்குள் போய் உட்கார்ந்து பின்னின் பாதையை மறிக்கும். பிரைமர் துளைபட்ட நாளும் மிஸ்ஃபயர் ஆன நாளும் வாரக்கணக்கில் தள்ளி இருக்கும் என்பதால் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

அடுத்தது ஸ்பிரிங். பல ஆயிரம் சுடுதலுக்குப் பிறகு அது தளரும், நீளம் குறையும். புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும். விலை குறைந்த பாகம், சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள்.

பின் போல்ட் முகத்திலிருந்து எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்பதும் முக்கியம். பல சென்டர்ஃபயர் ரைஃபிள்களில் அது 0.055 இன்ச்சுக்கு அக்கம் பக்கம். உங்கள் போல்ட்டுக்கு உரிய அளவைத் தயாரிப்பாளர் குறிப்பில் பாருங்கள். சில போல்ட்டுகளில் பின்பக்கத் தொப்பியை ஒரு சுற்றுக் குறைவாகவோ கூடுதலாகவோ திருகிப் பூட்டிவிட்டால் பின்னின் ஓட்டமே மாறிவிடும். 'சுத்தம் செய்த மறுநாள்தான் ஆரம்பித்தது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இன்னொன்று, போல்ட் கைப்பிடி முழுதாக இறங்கியதா? அரைகுறையாக இறங்கியிருந்தால் பாயும் காக்கிங் துண்டு (பின்னின் வால்பகுதி) சரிவில் உரசி, தன் பலத்தைப் போல்ட்டை மூடுவதில் கொட்டிவிட்டுப் பின்னுக்கு மிச்சத்தைக் கொடுக்கும். தடிப்பான கேஸ் அல்லது குறைவாக சைஸ் செய்த கேஸில் இது அடிக்கடி. 'டிக்' ஆன பிறகு கைப்பிடியைத் தொடாமல் அது நிற்கும் இடத்தைக் கண்ணால் பாருங்கள்.

ட்ரிகர் காரணமாக இருக்குமா?

இருக்கும், மிக இலேசாகத் திருகி வைத்த ட்ரிகரில். போல்ட்டை மூடும்போதே பிடி விட்டு, பின் மெதுவாகப் பின்தொடர்ந்து போய் நிற்கும். நீங்கள் அழுத்தும்போது அங்கே பாய எதுவும் மிச்சமில்லை. இது மிஸ்ஃபயர் என்பதைவிடக் கேட்காமலே சுடக்கூடிய ரைஃபிள். உடனே சுடுவதை நிறுத்திச் சரிசெய்ய வேண்டியது. பிடி விட்ட பிறகும் காக்கிங் துண்டு ட்ரிகரின் மேல்பகுதியில் உரசிக்கொண்டு போவது இன்னொரு வகை. உரசிய இடம் பளபளப்பாகத் தெரியும்.

சிறிய பிரைமர் பித்தளைக்கு மாறினேன். அதன் பிறகுதான் தொல்லை.

எதிர்பார்க்கக்கூடியது. பெரிய ரைஃபிள் பிரைமரின் விட்டம் 0.210 இன்ச், சிறியது 0.175. சிறியதில் கலவை குறைவு, தீயும் குறைவு. தீ போகும் துளையும் பல சிறிய பாக்கெட் கேஸ்களில் வழக்கமான 0.080 இன்ச்சுக்குப் பதில் 0.062 அளவில் இருக்கும். (பிரைமர் கழற்றும் ஊசி இதில் சிக்கி உடையும், மெல்லிய ஊசி வாங்குங்கள்.) பற்ற வைக்கக் கடினமான உருண்டை மருந்தும் கடும் குளிரும் சேர்ந்தால் ஹேங்ஃபயர் வரை போகலாம். சூடான, அதாவது அதிகத் தீ தரும், பிரைமருக்கு மாறுவது ஒரு வழி, ஆனால் பிரைமர் மாறினால் மருந்தளவை அட்டவணையின் தொடக்கத்திலிருந்து மறுபடி கட்ட வேண்டும். பிரைமரை மட்டும் மாற்றிவிட்டு அதே அளவில் சுடாதீர்கள்.

கோப்பையின் தடிமனும் உண்டு. சிறிய ரைஃபிள் பிரைமர்களில் சில 0.020 இன்ச், சில 0.025. தடித்தது அதிக அழுத்தம் தாங்கும், அதிக அடியும் கேட்கும். போல்ட் முகத்தில் பின் வெளிவரும் துளையைச் சிறிதாக்கி, பின்னை மெலிதாகக் கடைந்த போல்ட்டில் தடித்த கோப்பை டிக் என்று நின்றால், கடைசல் வேலையில் பின் உரசுகிறதா என்று பாருங்கள்.

பிரைமரை விரலால் தொட்டால் கெட்டுவிடுமா?

வியர்வை துடைத்த விரலால் எடுத்துப் போடுவதால் பிரைமர் செத்ததை நான் பார்த்ததில்லை. கேஸ் மசகை அதன்மேல் ஊற விடுவது வேறு கதை. கழுத்துக்குள் மிஞ்சிய மசகும், ஈரத்தில் கழுவிச் சரியாக உலராத கேஸும் பிரைமரைவிட மருந்தைத்தான் முதலில் கெடுக்கின்றன. பிரைமர்களை வாங்கிய பெட்டியிலேயே, உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஒரு ஜாடியில் கொட்டி வைக்கவே வேண்டாம். ஒன்று வெடித்தால் எல்லாம் வெடிக்கும்.

எஃகு ஊசிகளோடு ஈரத்தில் உருட்டிக் கழுவுகிறேன்.

தீத்துளையில் ஊசி சிக்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் ஒவ்வொரு கேஸாகப் பாருங்கள். அவ்வளவுதான்.

எந்த வரிசையில் சோதிப்பது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்பிரிங், பிரைமர், டை மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றிவிட்டு 'சரியாகிவிட்டது' என்பவருக்கு, மறுபடி வரும்போது எங்கே தேடுவது என்றே தெரியாது.

நான் செய்வது: போல்ட்டைக் கழுவுவேன். பிறகு பத்துப் பதினைந்து கேஸ்களில் பிரைமர் மட்டும் வைத்து, மருந்தும் குண்டும் இல்லாமல், சுடுதளத்தில் குழல் இலக்கைப் பார்த்தபடி கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்போடு அடிப்பேன். இதில் பாதி உங்கள் வழக்கமான சைஸிங், மீதி தோள்பட்டையை 1 தௌ மட்டும் நகர்த்தியது. முதல் பாதியில் மட்டும் டிக் வந்தால் டை. இரண்டிலும் வந்தால் பிரைமர் அமர்வு அல்லது போல்ட். அப்புறம் தொழிற்சாலைத் தோட்டா ஒரு பெட்டி சுடுவேன். அதிலும் வந்தால் போல்ட்டேதான். உங்கள் தோட்டாவை நண்பரின் ரைஃபிளில் போட்டுச் சோதிக்கும் ஆசையை மட்டும் விடுங்கள். உங்கள் சேம்பருக்குக் கட்டிய அளவு அவருடையதில் அழுத்தம் கூடிப் போகலாம்.

மிஸ்ஃபயர் வரும் முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

இலக்கைப் பாருங்கள். நன்றாக வட்டமாகக் குவிந்துகொண்டிருந்த ரைஃபிள், வேறெதுவும் மாறாமல், மேலும் கீழுமாக நீள ஆரம்பித்தால் பற்ற வைக்கும் அடி சீராக இல்லை என்பது ஒரு வலுவான சந்தேகம். ஒரே அளவு மருந்து ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகப் பற்றினால் குண்டின் வேகம் சிதறும். தூரத்தில் அது உயரமாகத் தெரியும். வேகமானியில் எண்கள் பரவலாகி, தாளில் துளைகள் மேல்கீழாக நீண்டு, அதற்குச் சில நூறு சுடுதல் கழித்து முதல் 'டிக்' வந்த ரைஃபிள் என்னிடமே ஒன்று இருந்தது. காற்றைக் குறை சொல்லிக்கொண்டு ஒரு பருவத்தையே ஓட்டியிருந்தேன். தளர்ந்த ஸ்பிரிங்.

வெடிக்காத தோட்டாக்களை என்ன செய்வது?

சுத்தியல் வகைக் குண்டு பிடுங்கியில் அடிக்காதீர்கள். ஒரு முறை அடிபட்ட பிரைமர் எந்த மனநிலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிரஸ்ஸில் மாட்டும் காலெட் பிடுங்கியால் மெதுவாக இழுங்கள். மருந்தைக் கொட்டி அதன் நிறத்தைப் பாருங்கள், மறுபடி பயன்படுத்த வேண்டாம். பிரைமரைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால் கண்ணாடி அணிந்து, கேஸில் மருந்து ஒரு மணிகூட இல்லை என்று உறுதி செய்து, நெம்புகோலை இடிக்காமல் மெல்ல அழுத்துங்கள். வெளியே வந்ததும் ஆன்வில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு முறை மட்டும் பிரைமர் தொழிற்சாலையைத் திட்டிக்கொள்ளலாம்.